திண்டிவனத்தில் மெதுவாகப் படித்த ஒரு நாள்

பள்ளிக்கூடம் போகாமல், முப்பது வயதில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். விழுப்புரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பதினோரு ஆண்டுகள் ஞாயிறு பூசையில் விவிலிய வாசகம் வாசித்தேன். போன மாதம் வாசகர் குழுத் தலைவர் சூசை, “ரொம்ப இழுக்கிறீங்க” என்று சொல்லி என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் கோபத்தோடுதான் திண்டிவனம் தியான இல்லத்தில் நடக்கும் இறைவார்த்தை வாசிப்புக்குப் பெயர் கொடுத்தேன். ஒரே பகுதியை நான்கு முறை மெதுவாக வாசித்து, மனதில் நிற்கும் சொல்லோடு அமைதியாக உட்கார்ந்து செபிப்பது. மெதுவாக என்பதே எனக்குப் போதும்.

சனிக்கிழமை காலை 6.40க்கு விழுப்புரத்தில் சென்னைப் பேருந்து.

“ஜல்தி ஏறு பெருசு! உனக்காக நின்னுக்கினே இருக்க முடியுமா?” என்றார் நடத்துநர்.

“நிக்கத்தான் வேணும்” என்றேன். நின்றது. 37 கிலோமீட்டர், 55 நிமிடம், முப்பது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

இல்லத்து வாசலில் சூசை நின்றிருந்தார். “நீங்களுமா அண்ணே?”

“ஏன், இதுக்கும் பட்டியல் வெச்சிருக்கியா?”

தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குபவர் குணமாகும் குளத்தருகே, முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரைப் பற்றிய நற்செய்திப் பகுதி. முதலில் சூசையை வாசிக்கச் சொன்னார் வாசிப்பை நடத்திய சிஸ்டர். பூசையில் வாசிப்பது போலவே ஒரே மூச்சில் முடித்து, “ஆண்டவரின் அருள்வாக்கு” என்றார். இருபது பேரும் “இறைவா உமக்கு நன்றி” என்று முழங்கிவிட்டார்கள். பூசையில் மற்ற வாசகங்களுக்குத்தான் அது; நற்செய்திக்கு அந்தப் பதிலே கிடையாது!

சிஸ்டர் சிரித்துவிட்டார். “பூசை முடிஞ்சிடுச்சா? சரி, யாருக்கு எந்தச் சொல் நின்னுது?”

ஒருவருக்கும் நிற்கவில்லை.

“ஐயா, நீங்க வாசிங்க.”

விரல் வைத்து, சொல் சொல்லாக வாசித்தேன். தன்னை இறக்கிவிட ஆள் இல்லை, தான் போவதற்குள் வேறொருவர் குளத்தில் இறங்கிவிடுகிறார் என்று அந்த மனிதர் சொல்லுமிடத்தில் விரல் நின்றுவிட்டது. என் கதையும் அதுதான். ஆனால் இயேசு, முந்தி இறங்கியவர்களிடம் போகவில்லை. கிடந்தவரிடம் வந்தார். பிறகு மீதியையும் வாசித்து முடித்தேன். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் சிஸ்டர் என்னையே வாசிக்கச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டின்போது சூசை எதிரே வந்து உட்கார்ந்தார். “அண்ணே, நாளைக்கு முதல் வாசகம் நீங்க படிச்சிடுங்க.”

“இதே வேகத்துலதான் படிப்பேன்.”

“பூசை லேட்டாவும்ணே.”

“ஆவட்டும்.”

அவர் சாம்பார் வாளியை என் பக்கம் நகர்த்தினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு வாரம் முன்பே பெயர் கொடுங்கள். மதிய உணவோடு நூற்றைம்பது ரூபாய். செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பெரிய எழுத்து விவிலியம் கையில் இருக்கட்டும். மாலை நான்கு மணிக்கு முடிந்துவிடும், திரும்பப் பேருந்துக்குக் குறைவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவராக இருந்தால் கூச்சப்படாமல் முன்வரிசையில் உட்காருங்கள்.

மறுநாள் வாசித்தேன். மற்றவர்கள் மூன்று நிமிடத்தில் முடிக்கும் வாசகம், எனக்கு ஏழு நிமிடம் ஆனது. யாரும் வாட்சைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வேகத்தைக் கூட்டியிருக்க மாட்டேன்.