கீபோர்டு சார்

அந்த வாட்ஸ்அப் குழுவில் பதினேழு பேர் இருந்தோம். ஆரணி, வேலூர், திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் ஒரு பழைய பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்கிறவர்கள் அவ்வளவு பேர்தான். ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் நான்கு தடவை தாளம் மாறும். பாடகர் எட்டாவது நிமிடத்தில்தான் வாயைத் திறப்பார். அந்தக் குழு உடைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஐந்து பேரும் பிரிந்துபோய்த் தனித்தனியாக ஆல்பம் போட்டார்கள். அவற்றில் யாருடையது உசத்தி, யாருடையது குப்பை என்று அடித்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

படித்த மனிதர்கள் இதற்காக எப்படியெல்லாம் இறங்கிப் பேசினார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கெல்லாம் பாடகரின் தனி ஆல்பங்களைத் திட்டி ஒரு பத்தி போட்டுவிடுவார். 'துரோகி' என்றுதான் ஆரம்பிப்பார். பாடகர் அவருக்கு என்ன சத்தியம் செய்து கொடுத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டுப்புடவைக் கடை வைத்திருந்த இன்னொருவர் கிட்டார்காரரின் கட்சி. அவருக்குப் பாட்டைவிட ஸ்பீக்கர் முக்கியம். எதைக் கேட்டாலும், "அத நம்ம சிஸ்டத்துல கேக்கணும்" என்று முடித்துவிடுவார். மற்றவர்கள் இந்த இருவரில் யார் பேசினாலும் கைதட்டும் பொம்மை அனுப்புகிறவர்கள்.

நான் கீபோர்டுக்காரரின் கட்சி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். வேலூரில் படித்தபோது, ஹாஸ்டல் அறையில் யாரோ விட்டுப்போன சிடியில் அந்த இசையைக் கேட்டேன். அன்று பிடித்த பைத்தியம். குழுவில் சேரும்போது பெயருக்குப் பதிலாக இனிஷியல் மட்டும் போட்டேன். படத்துக்கு ஒரு ஆல்பத்தின் அட்டை. பெரிய திட்டமெல்லாம் இல்லை. பெண் என்று தெரிந்தால் நம்பரை எடுத்துக்கொண்டு தனியாகக் குட்மார்னிங் அனுப்ப ஆரம்பிப்பார்கள் என்ற பயம்தான்.

ஒருநாள் கீபோர்டுக்காரரின் முதல் தனி ஆல்பத்தைப் பற்றி நீளமாக எழுதினேன். தாளம் எங்கே ஏழு எண்ணிக்கைக்கு மாறுகிறது, அங்கே இடது கை ஏன் வேண்டுமென்றே பின்தங்கி வருகிறது என்றெல்லாம். "எவ்வளவு தெளிவு! உணர்ச்சிவசப்படாத மூளை" என்று எழுதினார் தலைமையாசிரியர். அன்றிலிருந்து நான் 'கீபோர்டு சார்'. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் நான் வாயைத் திறந்தால் பேப்பர் திருத்துவதைப் பற்றியோ குழம்பைப் பற்றியோதான் பேசுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே பதினாறு ஆண்கள் என் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை நான் துளியும் மதிக்கவில்லை. ஆனால் 'சார்' என்றதை ஒருநாளும் திருத்தவில்லை. அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு களம்பூர் ரைஸ்மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர் சேர்ந்தார். அவர் எழுத்தில் ஏகப்பட்ட பிழை. பாஸ் கிட்டார் வாசிப்பவர் போட்ட தனி ஆல்பத்தில் கீபோர்டு வாசித்தது எங்கள் கீபோர்டுக்காரர்தான், அதுதான் அவருடைய உச்சம் என்று நான் எழுதியிருந்தேன். களம்பூர்க்காரர் கேட்டார்: "சார் அதுல கீபோர்டும் பாஸ்காரரே வாசிச்ச மாறி இருக்குதே?"

'முதலில் காதை ரிப்பேர் பண்ணுங்கள். மில் சத்தத்தில் நின்று கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்' என்று பதில் எழுதினேன்.

சிரிப்பு பொம்மைகள் வந்து குவிந்தன. அவர் குழுவைவிட்டு வெளியேறினார். அன்று மாலை அந்த ஆல்பத்தின் அட்டையை இணையத்தில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் போனை மூடி வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, எல்லோரும் நேரில் சந்திக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இடம், பட்டுக்கடைக்காரர் வீடு. அவர் சிஸ்டத்தில் கேட்டால்தானே பாட்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். பைக் நின்றதும் தலைமையாசிரியர் ஓடிவந்து என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கீபோர்டு சார்! வாங்க வாங்க. உங்க எழுத்த பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன் தெரியுமா?"

என் கணவருக்குப் பாட்டு என்றால் பஸ்ஸில் போடுவதுதான். அவர் திகைத்துப்போய், "நான் இல்லீங்க, இவங்கதான்" என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். "சார் நல்லா ஜோக் அடிக்கிறாரு" என்றார் பட்டுக்கடைக்காரர். என் கணவரை இழுத்துப்போய் சோபாவின் நடுவில் உட்காரவைத்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். "மேடம், வூட்ல உள்ள இருக்காங்க. போய் பேசிகினு இருங்க" என்று பட்டுக்கடைக்காரர் எனக்கு வழி காட்டினார். என் கணவர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவர், வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வருவதாகச் சொல்லித் தப்பித்தார்.

"ஜல்தியா வந்துடுங்க சார். நீங்க வந்தாதான் பாட்டு போடுவோம்" என்று வாசல்வரை போய் வழியனுப்பினார்கள்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கலாம். இவர்கள் இன்னும் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. வீட்டுக்காரம்மா டீ கொடுத்தார். "இவங்க பாட்டு வெச்சா எனக்கு ஒரே பேஜாரு. நீங்க எப்பிடித்தான் வூட்ல தாங்குறீங்களோ" என்றார் பரிதாபமாக. சமையலறை வாசலிலிருந்து ஹால் தெரிந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால், தரையில், கையில் டெஸ்டரோடு ஒருவர் உட்கார்ந்து ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் இருந்த பக்கம் ஒரு டீ டம்ளர்கூடப் போகவில்லை.

"இன்னாப்பா களம்பூர், அன்னிக்கு நம்ம சார் உன்ன கிழிச்சாரே, ஞாபகம் இருக்குதா?" என்றார் தலைமையாசிரியர். மற்றவர்கள் சிரித்தார்கள். குழுவைவிட்டுப் போனவரை ஒயர் வேலைக்கென்று கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்குதுங்க. ஆனா நான் சொன்னது கரெக்டு. ஆல்பம் அட்டையிலயே போட்டுருக்குது."

"சாரே சொல்லிட்டாரு. அப்புறம் அட்டை இன்னா அட்டை?"

டம்ளரை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். "அவர் சொன்னதுதாங்க சரி. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நீங்க எழுதினீங்களா?" பட்டுக்கடைக்காரர் சிரித்தார். "சாரோட போன்லயா?"

கைப்பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே நின்று தட்டினேன். 'களம்பூர்க்காரர் சொன்னதே சரி. அவரைக் கேவலமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.' அனுப்பியதும் ஹாலில் இருந்த அத்தனை போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன. களம்பூர்க்காரருடையது மட்டும் சும்மா இருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"ஏமாத்திட்டீங்களே மேடம்" என்றார் பட்டுக்கடைக்காரர். "ஒரு வருஷமா சார் சார்னு கூப்ட்டுகினு இருந்தோம்."

"நான் சார்னு எங்கயாச்சும் சொன்னேனா?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்த எழுத்துல கொஞ்சம் உணர்ச்சி ஜாஸ்தி."

அதே எழுத்து. அதே மனிதர். அதை அவர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவர்களுடைய பாராட்டுக்காகவா ஒரு வருடம் உட்கார்ந்து எழுதினோம் என்றுதான் இருந்தது. ஒருவர் மட்டும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

ஸ்பீக்கர் பக்கம் போனேன். களம்பூர்க்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"நான்தாங்க."

"காதை ரிப்பேர் பண்ணுனு எழுதினத வுடுங்க. மில் சத்தம்னு எழுதினீங்க பாருங்க. அத என் பொண்ணு படிச்சிட்டு, 'யாருப்பா இந்த ஆளு'ன்னு கேட்டுச்சு." ஒயரைச் சுற்றி டேப் ஒட்டினார். "நான் சொன்னது கரெக்டுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "அன்னிக்கு சாயங்காலமே தெரியும்" என்றேன்.

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பி அடுத்த ஒயரை எடுத்துக்கொண்டார். ஹாலில் இருந்தவர்கள்மேல் எனக்கு இருந்த இளக்காரம் எல்லாம் அந்த ஒரு 'சரிங்க'வில் என் பக்கம் திரும்பிவிட்டது. அவர்கள் அறியாமல் சிரித்தவர்கள். நான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவள்.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். பைக்கில் போகும்போது அவர் சொன்னார்: "கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு யாரும் இவ்ளோ மரியாத குடுக்கல." சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டிருந்தார்கள்.

பழைய செய்திகளில் களம்பூர்க்காரரின் நம்பர் இருந்தது. இந்தத் தடவை முழுப்பெயரும் என் போட்டோவும் வைத்து, சாக்குப்போக்கு எதுவும் சேர்க்காமல், நான் செய்தது தப்பு என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், உங்க கீபோர்டுக்காரரு ரெண்டாவது ஆல்பத்த மொத்தமா கேட்டேன். பாதிக்கு மேல தூக்கம் வருது. நீங்க இன்னா சொல்றீங்க?"

உடனே எழுதவில்லை. அன்று மாலை உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் மறுபடி கேட்டேன். நான்காவது பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன், மற்றபடி நீங்கள் சொல்வது சரி என்று எழுதினேன்.

"திரும்ப கேட்டுட்டு சொல்றேன்" என்று பதில் வந்தது.