லிம் அங்கிளுக்காக வெள்ளைப் பூ

பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் சுகுமாரன் முதலில் பார்ப்பது பெண்டாட்டியை அல்ல, பூவைத்தான். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத அடுக்குமாடியின் கீழ்த்தளம் அது. நடைபாதையை ஒட்டி டிரேன் என்கிற திறந்த சாக்கடைக் கால்வாய். அதன் ஓரமாக வெள்ளைக் காசித்தும்பையை வரிசையாக நட்டிருந்தான். அன்று அத்தனையும் சொல்லிவைத்த மாதிரி பூத்திருந்தன.

பக்கத்து வீட்டு மெய் லிங் ஆன்ட்டி வாசலில் சிலையாக நின்றார். நிபோங் திபால் ஊரில் தமிழர்களோடு வளர்ந்த சீனர். தமிழ் நன்றாக வரும், திட்டுவதற்கு இன்னும் நன்றாக.

"தம்பி, என் புருஷன் நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வர்றாரு. நீ சாவுக்கு வெக்கிற பூவ வாசல்ல நட்டு வெச்சிருக்கியே லா."

சுகுமாரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனர்களுக்கு வெள்ளை துக்க நிறம் என்பது அதுவரை அவனுக்கு உறைக்கவே இல்லை.

"ஐயோ ஆன்ட்டி, லிம் அங்கிள் இந்த டிரேன்ல விழுந்துதானே கால ஒடச்சுக்கிட்டாரு? நிழல்ல வெள்ளைதான் பளிச்சுனு தெரியும். செவப்பு நட்டா இருட்டோட போயிடும். அவருக்காகத்தான் நட்டேன்."

ஆன்ட்டி கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட மண்வெட்டியோடு வந்தவன் அதைக் கீழே வைத்தான். ஒவ்வொரு செடியின் கழுத்திலும் சிவப்பு ரிப்பன், சீனப் பெருநாளுக்கு வாங்கி மிஞ்சியது. கடைசிச் செடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி நிமிரக்கூட இல்லை.

"செவப்பு கட்டிட்டா கெட்டது வராது. சும்மா நிக்காத, கத்தரிக்கோல எடு. அங்கிள் வர்ற நேரமாச்சு."