ரோடு இஞ்சின் காபி

போன புயலில் எங்கள் பக்கம் மின்சாரம் போய், வருவதாகவே தெரியவில்லை. மகள் வீட்டில் ஒரு காபி இயந்திரம் இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் உறுமிக்கொண்டு காபி ஊற்றும். அது இருட்டில் கம்மென்று உட்கார்ந்திருந்தது. மருமகன் அலமாரியைக் குடைந்து வேறொன்றை எடுத்துவந்தார். தடித்த குழாய், அதன் தலையில் ஒரு கைப்பிடி. பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றி மேலிருந்து அழுத்தவேண்டுமாம்.

"மாமா, இதுக்குக் கரண்டே வேணாம்" என்றார், தாமே கண்டுபிடித்ததுபோல. அழுத்தினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சற்று வருத்தப்பட்டிருக்க வேண்டும். கரண்டு இல்லாத காபி இயந்திரம் ஒன்றை நானும் செய்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன். உங்களிடம் சொல்கிறேன். நானே செய்தேன் என்று சொன்னால் பொய். என் பங்கு ஒரு படம் வரைந்ததும், சட்டையைப் பாழாக்கிக்கொண்டதும்தான்.

காபி வாசனை என்றால் மற்றவர்களுக்கு வீடு ஞாபகம் வரும். எனக்கு நிலக்கரி ஞாபகம் வரும். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் சாலை போடும் வேலையில் இருந்தேன். டிப்ளமா முடித்த சூட்டோடு கிடைத்த உத்தியோகம், ஓவர்சீயர். சந்தவாசல் பக்கத்திலிருந்து மலைக்கு ஏறும் தடத்தை வண்டி போகும் சாலையாக்க வேண்டும். மேலே தகரக் கொட்டகை முகாம். ஜல்லி கொட்டி, மண் தூவி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் ரோலர் ஓட்டி இறுக்குவார்கள். எங்களிடம் இருந்தது நீராவி ரோலர். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ரயில் இன்ஜினைப் பிடித்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு உருளையை மாட்டியது போல இருக்கும். மலைக்காரர்கள் அதை 'ரோடு இஞ்சின்' என்றார்கள். விடியும்போதே கரி போட்டு நெருப்பு மூட்டினால்தான் வேலை நேரத்துக்கு நீராவி ஏறும். முகாம் முழுக்கக் கரிப்புகை. என் தலையணை உறையில்கூட அந்த வாசனை இருந்தது. ஊருக்குப் போனால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவாள்.

அதை ஓட்டியவர் சத்தார் பாய். வேலூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். உயரமான ஆள், காதோரம் நரை. மனைவி கல்யாணமான மறு வருஷமே போய்விட்டாளாம், பிள்ளை குட்டி இல்லை. ஊருக்கு லீவு வேண்டாமா என்று கேட்டால், "வூடு இன்னா சார் வூடு, இதான் வூடு" என்று ரோலரின் வயிற்றில் ஒரு தட்டு தட்டுவார். மதியம் அதன் நிழலிலேயே படுத்துத் தூங்குவார்.

முகாமுக்குச் சமைத்தது பச்சையம்மா. அடிவாரத்துப் பொம்பிளை, முப்பத்தைந்துக்குள். புருஷன் செத்துப்போய், அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாய்க் கிடந்தவள். மேஸ்திரி கூப்பிட்டதும் ஒரு மூட்டையோடு மலையேறி வந்துவிட்டாள். காலையில் எல்லாருக்கும் காபி, மத்தியானம் சோறு, குழம்பு. பால் பவுடரும் வெல்லமும் போட்ட காபி. பொடி மட்டும் நான் திருவண்ணாமலையிலிருந்து அரைத்து வாங்கி வருவேன். காபி விஷயத்தில் எனக்கு அப்போது பெரிய திமிர் உண்டு. எதற்கெல்லாம் திமிர் கொள்ளலாம் என்று அந்த வயதுக்குத் தெரியாது.

ஐப்பசி பிறந்தது. மலையில் மழை என்றால் மேகமே கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். விறகெல்லாம் ஈரம். மூன்று கல் அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு பச்சையம்மா ஊதுவாள், இருமுவாள், மறுபடி ஊதுவாள். காபி வரும்போது வெயில் வந்திருக்கும். அதிலும் காபியைவிடப் புகைதான் அதிகம். நான் ஒருநாள் மூக்கைச் சுளித்தேன்.

"இன்னா சார், பொக வாட அடிக்குதா?" என்றாள். "ஈர வெறகு சார். ஊதி ஊதி என் நெஞ்சு காஞ்சிபோச்சி. நீங்க வாசன பாக்குறீங்க."

அன்று சாயங்காலம் சத்தார் பாய் என் கொட்டகைக்கு வந்தார்.

"சார், விடியக்காத்தால நெருப்பு போட்டுர்றேன். அவ்ளோ ஸ்டீமும் சும்மா காத்துல போவுது. அந்தம்மா அங்க குந்திகினு ஊதிகினு கெடக்குது. ஒரு டம்ளர் காபிக்கு இந்த ஸ்டீமு போதாதா?"

நல்ல காபிக்கு வழி பிறந்ததென்று எனக்குக் குதூகலம். அவர் சொன்னதில் காபியைவிட 'அந்தம்மா' முக்கியம் என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று.

முதல் தடவை எளிதாகச் செய்தோம். ரோலரின் விசிலுக்கு, அதாவது ஊதலுக்கு, நீராவி போகும் குழாயின் பக்கத்திலிருந்து இன்னொரு குழாயை இழுத்து நீராவியை நேராகப் பாலுக்குள் விட்டோம். அரை நிமிஷத்தில் பொங்கியது. குடித்தால் மண்ணெண்ணெயும் துருவும் மசகும் கலந்த கஷாயம். மேஸ்திரி துப்பிவிட்டு, "இத குடிச்சா நாமளும் ரெண்டு கிலோமீட்டர் ஓடலாம்" என்றார்.

அப்போதுதான் என் டிப்ளமா விழித்துக்கொண்டது. பாய்லர் நீராவி காபித் தண்ணீரைத் தொடவே கூடாது, சூட்டை மட்டும் தரவேண்டும். படம் வரைந்தேன். மூடி போட்ட ஒரு அலுமினியப் பால் கேன். அதற்குள் பாம்பு மாதிரி சுருண்ட செம்புக் குழாய். அதன் வழியாக நீராவி ஓடி வெளியே போகும், கேனில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும். மூடி இறுகியிருப்பதால் கொதிநீருக்கு வேறு போக்கிடம் இல்லாமல், நடுவே நிற்கும் இன்னொரு குழாயில் ஏறி, மேலே டப்பாவில் இருக்கும் காபிப் பொடிக்குள் புகுந்து டிகாக்‌ஷனாக வழியும். பாய் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "வரும் சார்" என்றார். செம்புக் குழாயில் மணலை அடைத்துவிட்டு, ரோலரின் புகைபோக்கியிலேயே சுற்றி வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் நசுங்கிவிடுமாம். பழைய வால்வு ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து, நீராவியைத் திறந்து மூட ஒரு திருகாணி செய்தார். மழை நாட்களில் சாலை வேலை நடக்காது. நாங்கள் இருவரும் ரோலருக்கு அடியில் உட்கார்ந்து இரும்பைத் தேய்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்போம். என்ன பேசினோம் என்று இப்போது ஒன்றுகூட நினைவில்லை. பேசித் தீரவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டாவது ஒத்திகையில் மூடியோரம் நீராவி கசிந்தது, பொடியை வடிகட்ட மேலே கட்டியிருந்த துணியும் பிய்த்துக்கொண்டது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் வெள்ளைச் சட்டை முழுக்கக் காபிப் பொடி. முகாமே சிரித்தது. பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே ரோலரின் முன்னால் வந்து நின்றாள்.

"மிசினு காபி போட்டா எனக்கு இங்க இன்னா வேல? திரும்பி அண்ணன் வூட்டுக்குப் போயி, அண்ணிகாரி மூஞ்சில முழிக்கணுமா? உங்கள நான் இன்னா பண்ணேன் பாய்?"

அப்படி ஒரு கோணம் இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. நான் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். சத்தார் பாய் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வேலய எடுக்கறதுக்கு இல்லம்மா" என்றார். "உங்க கண்ணு டெய்லி செவந்து கெடக்குது. அத பாத்துகினு வண்டி ஓட்ட முடியல. அதுக்குதான்."

இத்தனை பேர் நடுவில் ஓர் ஆள் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை. பச்சையம்மா அடுப்புக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. தட்டில் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அதன்பின் பாய் அந்தக் கேனைத் தொடவில்லை. ரோலருக்குப் பின்னால் அது நனைந்துகொண்டு கிடந்தது. நானும் கேட்கவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில், பிசைந்த கேழ்வரகு மாவு உருண்டையோடு பச்சையம்மாவே ரோலரிடம் வந்தாள்.

"ரெண்டு ஆம்பளைங்க, ஒரு மூடிய அடைக்க முடில" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். மூடியைச் சுற்றி மாவை அப்பினாள். துணிக்குப் பதிலாக, ஆணியால் பொத்தல் போட்ட பித்தளைத் தட்டை பாய் ஓடிப்போய் எடுத்துவந்து பொருத்தினார். பொடியை அவளே அள்ளிப் போட்டாள். திருகாணியில் பாய் கை வைக்கப் போனபோது, "நவுருங்க, நான் தொறக்கிறேன்" என்றாள். அவர் நகர்ந்தார்.

கேன் முனகியது. பிறகு 'உஸ்' என்றது. மாவு வெந்த வாசனை, அதன்மேல் கரி வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே கிளம்பியது காபியின் மணம். கறுப்பாய், தேன் மாதிரி கனத்து டிகாக்‌ஷன் இறங்கியது. ஜல்லி சுமக்க வந்த மலைப்பெண்கள் தலையிலிருந்த இரும்புப் பாண்டுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது" என்றாள். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "ஆனா இருக்கட்டும்" என்றாள். நான் அதற்குப் பின் எத்தனையோ ஊரில் எத்தனையோ காபி குடித்துவிட்டேன். சொல்வது வயசான புலம்பல் என்று தோன்றினால் தோன்றட்டும். அந்தக் காபி இனி இல்லை.

அன்றிலிருந்து அந்தத் திருகாணி பச்சையம்மாவுடையது. வேறு யாரும் கை வைக்கக்கூடாது. இயந்திரத்துக்கு அவளே பெயரும் வைத்தாள், சக்களத்தி என்று. "பாய், சக்களத்திக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று காலையில் அவள் கத்தினால் சத்தார் பாயின் காது சிவந்துபோகும். யாருக்குச் சக்களத்தி என்று யாரும் கேட்கவில்லை.

மார்கழிவரை அப்படிப் போயிற்று. பனி இறங்கும் காலைகளில் ரோலரைச் சுற்றி எல்லாரும் நின்று காபி குடிப்போம். பாய்லரின் சூடு முதுகில் படும். அவர் ஒரு பக்கம் நிற்பார், அவள் மறுபக்கம் நிற்பாள். நடுவில் அந்தப் பெரிய இரும்பு.

பிறகு ஒருநாள் டிவிஷன் ஆபீசிலிருந்து பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். சர்க்கார் பாய்லரில் துளை போட்டுப் பால் கேனைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தார். பாய்க்கு முன்னால் போய் நின்று, "நான் வரைஞ்சது சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த தைரியமான காரியங்கள் என்று எண்ணினால் அது ஒன்று தேறும். அவர் படத்தைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். பேனாவை எடுத்து ஓரிடத்தில் வட்டம் போட்டு, "இங்க ஒரு சேஃப்டி வால்வு இருக்கணும்ப்பா. மாவு கெட்டியா இருந்தா கேன் வெடிச்சிருக்கும்" என்றார். பச்சையம்மா டம்ளரை நீட்டினாள். நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

"காபி நல்லாருக்கு" என்றார். "அதக் கழட்டிடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. இன்னொன்றையும் சொன்னார். டீசல் ரோலர் வருகிறது, இதை வேலூர் டெப்போவுக்கு அனுப்பிவிட வேண்டும், இனி இதற்கு வேலை இல்லை. சத்தார் பாய் ஸ்பானரை எடுத்துக் கேனைக் கழற்றத் தொடங்கினார்.

கிளம்பும் நாளில் வெயில் நன்றாக அடித்தது. பாய் நெருப்பு மூட்டினார். என்னிடம் வந்து, "வேலூர் வந்தா வாங்க சார், டெப்போல கேட்டா சொல்வாங்க" என்றார். கையைப் பிடித்தார். கை முழுக்க மசகு. ரோலர் அசைந்து முதல் வளைவை நோக்கி நகர்ந்தபோது பச்சையம்மா ஒரு மூட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், கண்ணமங்கலம் வரைக்கும் போய்ட்டு வர்றேன். தனியா போறாரு. வழியில சோறாக்க ஆள் இல்ல."

"போய்ட்டு வாங்க" என்றேன். மேஸ்திரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியமும் இல்லை, ரோலர் நடக்கிற வேகத்தில்தான் போகும். போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். மூட்டையை அவர் வாங்கிக் கரிப்பெட்டியின் மேல் வைத்தார். நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் மறைவார்கள், கொஞ்சம் கழித்துக் கீழ்வளைவில் தெரிவார்கள். புகை, அந்தக் கறுப்பு இரும்பு, பக்கத்தில் ஒரு சேலை நிறம். வெயில் சாயும்வரை யாரும் பாண்டைத் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை. கடைசியாகப் புளியமரங்களுக்கு நடுவே புகை மட்டும் தெரிந்தது. ஊதல் ஒருமுறை கேட்டது.

அவள் திரும்பவில்லை. அடுத்த வாரம் அவள் அண்ணன் மலையேறி வந்து, எங்கே போனாள் என்று அதட்டினான். தெரியாது என்றேன். தெரியவும் தெரியாது, அதனால் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆற்காட்டுப் பக்கம் இருவரையும் சேர்த்துப் பார்த்ததாகக் கரி லாரிக்காரர் ஒருவர் பிற்பாடு சொன்னார். சந்தோஷமாக இருந்தார்களா என்று கேட்டேன். "சந்தைல வெண்டக்கா வாங்கிகினு இருந்தாங்க சார்" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போக வேண்டும், போக வேண்டும் என்று இருந்து, எனக்கு மாற்றலாகி, கல்யாணமாகி, வருஷங்கள் கழித்து டெப்போவைத் தேடிப் போனேன். நீராவி ரோலர்களை உடைத்து எடைக்குப் போட்டு வெகுகாலமாகிவிட்டது என்றார்கள். சத்தார் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் அந்தச் சாலையில் காரில் போனேன். அகலமாக்கித் தார் போட்டு, வளைவுகளில் கண்ணாடி நட்டு, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். பஸ் ஓடுகிறது. முகாம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் கார் அதைத் தாண்டிவிட்டது. பைக்குகள் சீறிக்கொண்டு போயின. ஒருத்தி மூச்சு வாங்காமல் பேசியபடியே கூட நடந்து வருகிற வேகத்தில் போகிற வண்டி எதுவும் இப்போது அந்த மலையில் இல்லை.