பாலம் திறப்பதைப் பார்க்க வந்த மச்சாள்

பாரிஸிலிருந்து மச்சாள் மூன்று நாள் லீவில் வருவதாகச் சொன்னபோது நான் வழக்கம்போலக் கேட்டேன்: "ஆரின்ரை கலியாணம்?"

"ஒருத்தரின்ரையும் இல்லை. லண்டனைப் பாக்க வாறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாள் என் கணவரின் அக்கா. லண்டனுக்குப் பலமுறை வந்தவர்தான். ஆனால் எல்லாம் கலியாணவீடும் செத்தவீடும். இந்த நகரத்தில் அவர் பார்த்தவை மண்டபங்களும் சொந்தக்காரர் வீட்டுச் சோபாக்களும் மட்டுமே. எங்கள் ஆட்களிடம் அப்படியொரு சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் எல்லார் வீட்டிலும் தலைகாட்ட வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் ரோல்ஸ் தின்று தேத்தண்ணி குடிக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டால் போதும், அடுத்த கலியாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இந்தச் சட்டத்துக்குத் தலைமை நீதிபதி எட்மண்டன் அக்கா, வடக்கு லண்டனில் எட்மண்டனில் இருக்கும் என் கணவரின் பெரியம்மா மகள். யார் வந்தது, யார் வராமல் போனது எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை," என்றார் மச்சாள். "இந்த முறையும் பாலம் திறக்கிறதைப் பாக்காமல் போனன் எண்டால் எனக்கு விசர்தான் பிடிக்கும்."

தேம்ஸ் ஆற்றில் இரண்டு கோபுரங்களோடு நிற்கிறதே, அந்தப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் எழும்பும். மச்சாள் அதைப் போனில்தான் பார்த்திருந்தார். "ரோட்டு எழும்பேக்கை அதிலை நிண்ட பஸ் என்ன செய்யும்?" இந்தக் கேள்வி அவரைப் பல வருடமாக அரித்துக்கொண்டிருந்ததாம். எனக்கும் பதில் தெரியாது. நான் இந்த ஊரிலேயே இருக்கிறேன், ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை!

எங்கள் வீடு ஈஸ்ட் ஹாமில். வழக்கத்தைவிட ஒரு மீன் கூடுதலாக வாங்கினாலே "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்கிற கடைத்தெரு. அதனால் மீனே வாங்கவில்லை. மச்சாளைத் தலையை மூடச்சொல்லி, பின்தெருக்களால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். கள்ளக் கடத்தல் செய்கிற மாதிரித்தான் இருந்தது.

முதல் நாள் கிரீனிச்சில் ஆற்றுக்கு அடியால் நடந்துபோகும் சுரங்கப்பாதைக்குப் போனோம். அதன் நடுவில் மச்சாள் நின்று, வெள்ளை ஓடு பதித்த சுவரில் காதை வைத்தார். "இப்ப எங்கடை தலைக்கு மேலை கப்பல் போகுதோ?" என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அதை விட்டு வர மனம் வரவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. பாலம் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். கிளம்பும்போது எட்மண்டன் அக்காவின் போன். முழங்கால் நோ, அசைய ஏலாது, ஒருத்தரும் வரவேண்டாம் என்றார். அப்பாடா என்று இருந்தது.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்தபடி, மடியில் சிப்ஸ் பொட்டலத்தோடு, எட்மண்டன் அக்கா.

திரும்பி ஓடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"எப்பயடி வந்தனீ?" என்றார் மச்சாளிடம்.

"அக்கா, உங்கடை வீட்டை வரத்தான்..." என்று நான் பொய்யைத் தொடங்கினேன்.

"உங்களுக்கு முழங்கால் நோ எல்லே?" என்றார் மச்சாள்.

அக்கா சிப்ஸைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பாலத்தில் வாகனங்கள் நின்றன. ரோட்டை மறித்துக் கதவுகள் சாத்தப்பட்டன. ரோட்டு, அதன் வெள்ளைக் கோடுகளோடு, மெல்ல மெல்ல வானத்தைப் பார்க்க எழும்பியது.

"ஐயோ, பஸ் அந்தக் கதவுக்கு வெளியிலை நிக்குது!" மச்சாள் கத்தியே விட்டார். "ஒருத்தரையும் ஏத்தாமல்தான் தூக்கிறாங்கள்!" கண் கலங்கிச் சிரித்தார். பாய்மரப் படகு ஒன்று பெரிய மனிதரைப் போல அவசரமில்லாமல் நடுவால் போனது.

"நான் அடிக்கடி வந்து பாக்கிறனான்," என்றார் அக்கா, பாலத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சனி ஞாயிறிலை ஆரும் வருவினம் எண்டு ரோல்ஸ் பொரிச்சே என்ரை காலம் போச்சுது. முழங்கால் நோ எண்டு சொன்னால்தான் விடுவினம்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. இவருக்குப் பயந்து நாங்கள் இவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பயந்து இவர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார்!

பாலம் இறங்கிப் பொருந்தியது, பஸ் நகர்ந்தது. பழக்கதோஷம், "அப்ப உங்கடை வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி..." என்று என் வாய் தொடங்கிவிட்டது. மச்சாள் என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

அக்கா வாங்கில் தள்ளி இருந்து எங்களுக்கு இடம் விட்டார். சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினார்.

"இதைச் சாப்பிடுங்கோ. பின்னேரமும் ஒருக்காத் திறக்கும், இருந்து பாப்பம். வீட்டை மட்டும் வந்திடாதேங்கோ."