கடமான் பார்க்கப் போனது

என் வீட்டுக்காரருக்கு ஊர் சுற்றும் ஆசையே கிடையாது. பழவேற்காடு ஏரியில் வீச்சுவலை வீசுவார், கரைக்கு வருவார், சாப்பிட்டுத் தூங்குவார். சர்க்கரை ஏறி வலது கண் ஏற்கெனவே போயிருந்தது. இடது கண்ணும் எந்த நாளும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்த அன்று, அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, மலைக்குப் போய்க் கடமான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பொன்னேரி தாண்டினாலே தலை சுற்றுகிறது என்பவருக்கு மலை கேட்கிறதா?

ஆசையை மூட்டியவன் என் தம்பி. காட்டுப்பள்ளியில் வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். எப்போதோ செல்போனில் ஒரு கடமானைக் காட்டியிருக்கிறான். மாட்டளவு உடம்பு, தலையில் கிளை கிளையாகக் கொம்பு. அதை இவர் மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தம்பியைத் திட்டித் தீர்த்து, அவனையே லீவு போட வைத்து, தெரிந்தவர் ஒருவரின் காரில் நீலகிரிக்குக் கிளம்பினோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறியபோது ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளத்தில் மேகம். எல்லாரும் காசு செலவழித்துப் பார்க்க வருகிற அழகு. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். "இந்தாண்ட பாருய்யா, அருவி" என்பேன். "ஆமா ஆமா" என்று தலையாட்டுவார்.

மேலே ஒரு டீக்கடை. சாயங்காலமானால் பின்பக்கத்து ஓடையில் கடமான் தண்ணீர் குடிக்க வரும், வேலிக்கு இந்தப் பக்கம் சத்தம் போடாமல் உட்காருங்கள் என்றார் கடைக்கார அம்மா. இவர் கன்னத்தைத் திருப்பிக் காற்றுப் பார்த்தார். பிறகு காற்று முதுகில் படுகிற மாதிரி ஒரு பாறையாகத் தேர்ந்தெடுத்து எங்களை உட்காரவைத்தார். வலை வீசுகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். எதிர்காற்றில் வலை விரியாது, சுருட்டிக்கொண்டு முகத்திலேயே அடிக்கும். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. நான் வேறு, பசி தாங்கமாட்டாரே என்று இறால் கருவாட்டு டப்பாவைத் திறந்து வைத்தேன்.

வந்தன. முதலில் இரண்டு பெட்டைகள், பின்னால் கொம்புக்காரன். அவர் கையைப் பிடித்து, அந்தக் கையாலேயே சுட்டிக் காட்டினேன். "எங்க, எங்க?" என்று தலையை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் கொம்பு மான் மூக்கைத் தூக்கியது, காலைத் தரையில் அறைந்தது, ஒரு கத்துக் கத்தியது. எல்லாம் காட்டுக்குள் போய்விட்டன.

காற்று நம்மிடமிருந்து மான் பக்கம் போனால் வாசனை பிடித்துவிடும், எதிர்காற்றில்தான் உட்கார வேண்டும் என்று அந்த அம்மா வந்து சொன்னார். இவர் சிரித்தார்.

"இத்தினி வருசமா மீனு ஒண்ணும் சொல்லலியேமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவை மூடிக் காரில் போட்டுவிட்டு, ஓடைக்கு மறுபக்கமாகப் போய் உட்கார்ந்தோம். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை, அப்புறம் அந்தக் கண்ணை எடுத்துக்கொள் என்றுகூடக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. இருட்டத் தொடங்கியது. செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள் என்று தம்பி அவசரப்படுத்தினான். இன்னும் கொஞ்ச நேரம்டா என்று கெஞ்சினேன். கடைசியில் இவரே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

இறங்கும்போது ஒரு வளைவில் தம்பி சட்டென்று பிரேக் போட்டான். முன்விளக்கு வெளிச்சத்தில், சாலை நடுவில், கடமான். அதன் மூச்சு புகையாக வருவதுகூடத் தெரிந்தது. பின்சீட்டிலிருந்த நான் அவர் தோளை இறுக்கிப் பிடித்தேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்சீட்டில் அவர் முகம் நேராக அதன் பக்கமே இருந்தது.

"இன்னா மச்சான், ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார்.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். மான் நகரவில்லை. எதிரே நிற்கிறது என்று சொன்னால் அவருக்குத் தெரியப்போவது மான் அல்ல.

"பள்ளம்யா. பாத்து ஓட்டறான்."

"மெதுவாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடிக்கு நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மான் சாலையைக் கடந்து போகும்வரை நாங்கள் காத்திருந்தோம்.