நிழல்வலைக்கு மேலே

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாத மத்தியானம். சிங்கப்பூரில், சுவா சூ காங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு காய்கறிப் பண்ணையில் நான் மேற்பார்வையாளர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை வாங்கத் தெரிந்தவள் என்று பெயர் எடுத்ததில் பெருமை வேறு.

எங்கள் பசுமைக்குடிலுக்கு பிளாஸ்டிக் கூரை. வெயில் ஏறியதும் கூரைக்கு அடியில் கறுப்பு நிழல்வலையைத் திரை மாதிரி கம்பியில் இழுத்து மூடுவோம். வலையைக் கூரைக்கு வெளியே போட்டால் சூடு உள்ளேயே வராது. ஆனால் காற்றில் கிழிந்துவிடும் என்று முதலாளி உள்ளேதான் போட்டிருந்தார். அன்று அது பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபாதியில் லெட்டூஸ் கீரை நாற்றுகள் துவண்டு கிடந்தன. எனக்குப் பதறியது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் ஏணியில் ஏறினார். முப்பது வயதிருக்கும். இடுப்புக்கு மேல் அவர் உடம்பு வலைக்கும் கூரைக்கும் நடுவில் இருந்தது. கையாலேயே வலையை இழுக்க ஆரம்பித்தார். அவர் இழுக்க இழுக்க கீழே நின்ற எங்கள்மேல் நிழல் பரவியது.

சிறிது நேரத்தில் இறங்கி வந்தார். சட்டை பிழிந்தெடுத்த மாதிரி இருந்தது.

"அக்கா, மேல தாங்கல. சாயங்காலமாப் பண்ணட்டுமா?"

நான் செடி உயரத்தில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். "முப்பத்தொண்ணுதானே காட்டுது! டிராமா பண்ணாதீங்க லா. சாயங்காலம் வரைக்கும் நாத்து உயிரோட இருக்குமா?"

சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார்.

அரை மணி நேரம் கழித்து மேலே சத்தமே இல்லை. கூப்பிட்டேன். "அம்மா, கதவத் தொற" என்று, ஊர் வீட்டு வாசலில் நிற்கிற நினைப்பில், குழறலாக அவர் குரல் வந்தது. ஏணியடிக்கு ஓடினேன். கைகள் வலையில் மாட்டிக்கொண்டதால்தான் அவர் கீழே விழவில்லை. நாலு பேர் சேர்ந்து இறக்கினோம். வியர்வையே இல்லை, தோல் காய்ந்து நெருப்பாகக் கொதித்தது. செடிக்குத் தெளிக்கும் குழாயை அவர் மேல் திருப்பிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவரைக் கொண்டுபோன பிறகு, அதே வெப்பமானியை எடுத்துக்கொண்டு அதே ஏணியில் ஏறினேன். ஐம்பத்தொன்று காட்டியது. வலை தடுத்த சூடெல்லாம் அங்கேதான் தேங்கி நின்றது. என்னால் இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. கீழே துவண்டிருந்த நாற்றுகள்கூட நிமிர்ந்திருந்தன.

உயிர் பிழைத்தார். ஆனால் சூடு மூளையைத் தாக்கிவிட்டது. நாக்கு குழறும், நடை தள்ளாடும், சரியாகாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அனுப்புவதற்கு முதல் நாள், மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க ஆசைப்பட்டார். நானே லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போனேன். சிராங்கூன் ரோட்டைக் கடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடை வாசலில் கால் இடறி, தொங்கிய பைகள் மேல் சாய்ந்துவிட்டார்.

"தம்பி, குடிச்சுட்டு உள்ள வராதீங்க. வெளிய போங்க," என்றார் கடைக்காரர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரரிடம் அவரே சொன்னார், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து.

"குடிக்கலண்ணே. வெயிலு."

என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கடைக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இளஞ்சிவப்பில் ஒரு பை வாங்கினார். மறுநாள் விமானம் ஏறிவிட்டார்.

இப்போது எங்கள் கூரைக்கு வெளியே வலை போட்டாயிற்று, உச்சியிலும் ஒரு வெப்பமானி தொங்குகிறது. ஆனாலும் யாராவது "சூடா இருக்குக்கா" என்றால் அந்த வெப்பமானியை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "முதல்ல கீழ இறங்குங்க" என்கிறேன், அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.