பதினொன்றை ஐந்து என்ற தராசு

என் மாமியாரின் கால் விரலில் மூன்று தையல் விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். காளவாசலில் வாங்கிய ஒரு டிஜிட்டல் தராசுதான் காரணம். இதை நான் அப்போதே தொண்டை கிழியச் சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள், கோடை வந்தால் வீட்டிலேயே இஞ்சி பீர் போடுவேன். பெயரைக் கேட்டதும் தல்லாகுளத்தில் எங்கள் தெருவே மூக்கைப் பொத்தியது. ஏதோ நான் அடுப்பில் சாராயம் காய்ச்சுகிற மாதிரி! இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, துளி ஈஸ்ட், நாலு நாள் நொதிப்பு, அவ்வளவுதான். பிறகு பாட்டிலில் ஊற்றி, பாட்டிலுக்கு ஐந்து கிராம் சர்க்கரை போட்டு, கார்க்கை அமுக்கிக் கம்பி கட்டி வைத்தால் உள்ளே கேஸ் பிடிக்கும். சர்க்கரை குறைந்தால் சப்பென்று இருக்கும். கூடினால் பாட்டில் தாங்காது. ஸ்பூன் கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்ததால் தராசு வாங்கப் போனேன்.

நகைக்கடைத் தராசின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. காளவாசலில் மளிகைக் கடைகளுக்கு எடை மெஷின் விற்கிற ஒரு கடையில், சமையலுக்கென்று சின்னத் தராசு ஒன்று கைக்கு அடக்கமான விலையில் இருந்தது.

“அஞ்சு கிராம் சரியாக் காட்டுமாண்ணே?”

“ஒரு கிராம்கூடத் தப்பாதுக்கா. இந்தா பாருங்க.”

ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். ஆயிரம் என்று காட்டியது. எங்கள் ஊரில் தராசைச் சோதிப்பது என்றால் இதுதான். கல்லை வைப்பார்கள், எண்ணைப் பார்ப்போம், தலையாட்டுவோம். நானும் ஆட்டினேன். ஐந்து கிராம் நிறுக்கப் போகிறவள் ஒரு கிலோ கல்லைப் பார்த்து மயங்கியதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த முறை பன்னிரண்டு பாட்டில். காகிதத்தைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கி, சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, ஐந்து வந்ததும் நிறுத்தினேன். அவ்வளவு கவனமாக நான் பரீட்சைகூட எழுதியதில்லை. பாட்டிலில் அடைத்த ஐந்தாம் நாள் மத்தியானம், மாமியார் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டில் வெடித்தது. பக்கத்திலிருந்த இரண்டும் சேர்ந்து வெடித்தன. கண்ணாடிச் சில்லு அவர் கால் விரலைக் கிழித்துவிட்டது. பாவம், அன்று நானும் அழுதேன். ஆனால் ஐந்து கிராமுக்கு மேல் போடவில்லை, தராசில்தான் ஏதோ கோளாறு என்றேன்.

“அளவு தெரியாமப் போட்டுட்டு மெசின் மேல பழி போடுறா” என்றார் அவர், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. “இனிமே இந்த வேலையே வேணாம்” என்று என் கணவர் தீர்ப்பு எழுதிவிட்டார். இஞ்சி பீர் போனால் போகட்டும். அலட்சியக்காரி என்ற பெயரை நான் எதற்குச் சுமக்க வேண்டும்?

மறுநாள் தராசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சிட்டிகை போட்டேன், பூஜ்யம். இன்னொன்று, பூஜ்யம். கண்ணுக்குத் தெரிகிற குவியல் சேர்ந்த பிறகும் பூஜ்யம். அப்புறம்தான் ஒன்று, இரண்டு என்று ஏறி ஐந்துக்கு வந்தது. அதே சர்க்கரையைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, வெறும் காகிதத்தை வைத்து மறுபடி பூஜ்யமாக்கி, மொத்தமாகக் கொட்டினேன். பதினொன்று!

கணவரைக் கையோடு கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் முன்னால் அதே மாதிரி செய்து காட்டினேன். அவர் அசரவில்லை.

“பொடிசு பொடிசாப் போட்டா தூசி விழுதுன்னு நெனச்சு அது பூஜ்யத்துலயே நிக்கும்க்கா. ஒரேயடியாக் கொட்டணும்.”

“இத விக்கிறப்பவே சொன்னா என்ன?”

அவர் என்னை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க வந்து பாத்து வாங்கியிருக்கணும்.”

என் கணவர் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடையிலிருந்த சின்னத் தராசுகளையெல்லாம் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். இரண்டு தோற்றன. நாட்டு மருந்துக் கடைகளுக்கு விற்பது என்று கடைசியாக எடுத்த உள்ளங்கை அகலத் தராசு, முதல் சிட்டிகையிலேயே புள்ளி நாலு என்றது. பழையதைக் கொடுத்ததால் மேற்கொண்டு கொஞ்சம்தான் தர வேண்டியிருந்தது. நான் பர்ஸைத் திறப்பதற்குள் என் கணவர் பணத்தை நீட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு போட்ட இருபது பாட்டிலில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அந்தக் கோடையில் உறவுக்காரர்கள் வந்திருந்தபோது மாமியார் பெருமையாகச் சொன்னார்: “எம்புட்டோ பாத்துப் பாத்து எம்மகன் நல்ல தராசா வாங்கிக் குடுத்தான். அதுக்கப்புறம் ஒரு கொறையும் இல்ல. இல்லன்னா இவ கைக்கு வீடே வெடிச்சிருக்கும்.” கணவர் அதற்கும் தலையாட்டினார்.

“அப்ப உங்க மகனையே ஊத்தச் சொல்லுங்கத்தே” என்று பாட்டிலைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பியை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை.